ஒற்றைக் காது

பழைய கார்பரேட்டருக்கு இனி வாஷர் மாற்றிப் பயனில்லை.
இப்போதைய பெட்ரோலில் சாராயம் கலக்கிறார்கள்.
ரப்பரைத் தின்று, பிசினாக்கி,
ஜெட்டின் தொண்டையில் கொண்டுபோய் வைக்கிறது.
வல்லநாட்டு ஏற்றத்தில் மூன்று முறை நின்றேன்.
பின்னால் வாழைத்தார் லாரி. இறங்கி வந்தவன்
போனட்டைத் தட்டிப் பார்த்து
"எந்தக் காலத்து டப்பாக்கா இது" என்றான்.
அறுபத்தெட்டு, என்றேன்.

மேலப்பாளையத்துப் பட்டறையில் செய்யது பீர்
கழிவுநூலில் கை துடைத்தபடி வழி சொன்னார்:
"மாருதி கார்பரேட்டர் ஒண்ணு மாட்டிருவோம்.
கேள்வி கேக்காம ஓடும்."
"ரெட்டை" என்றேன்.
"ரெட்டைன்னா ரெட்டைச் செலவும்மா.
ஒண்ணு மூச்சு விட்டா ஒண்ணு முக்கும்."

ரெட்டை இரண்டு ஊரிலிருந்து வந்தது.
உக்கடத்திலிருந்து ஒன்று, வாழைச்சருகுபோல் காய்ந்த பேப்பரில்.
புதுப்பேட்டையிலிருந்து ஒன்று, யாருடைய பனியனிலோ.
அண்ணன் தம்பி இல்லை, ஒன்றுவிட்ட உறவுகூட இல்லை.
ஒன்றின் ஊசி இடுப்பில் தேய்ந்திருந்தது,
நகத்தின் மேல் உருட்டினால் மட்டும் தெரிகிற அளவு.
அந்த மயிரிழைக்கு
லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் விலை.
புது ஊசி ஜோடி தபாலில் வரப் பதினேழு நாள்.

ஞாயிறு. ஆனிக் காற்று
செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வந்து
பட்டறைத் தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.
ஃபில்டரைக் கழற்றினோம்.
குற்றாலத்து ஈரத்தை
இரண்டு வாயும் குடிக்கத் தொடங்கின.

ரப்பர் குழாய், இரண்டடி.
ஒரு முனை காதில், ஒரு முனை அந்த வாயோரம்.
இதன் 'ஸ்' அதன் 'ஸ்' ஆக வேண்டும், அவ்வளவுதான்.
பீர் இரண்டு காதுக்கும் இரண்டு குழாய் வைத்திருந்தார்.
"நீங்களே கேளுங்க, ஒங்க வண்டி" என்று நீட்டினார்.

எனக்கு இடது காது கிடையாது.
ஆறு வயதில் பொன்னுக்குவீங்கி கொண்டுபோனது.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
காது சோதிக்கும் அறையில் வேலை.
சத்தம் கேட்டா கையத் தூக்குங்க என்று
நாளைக்கு முப்பது பேரிடம் சொல்கிறேன்.
பீருக்கு இது தெரியாது.

ஒரு குழாயை மட்டும் எடுத்துக்கொண்டேன்.
முன்னதைக் கேட்டேன்: அரிசி களைகிற சத்தம்.
அதைச் சிந்தாமல் ஏந்திக்கொண்டு
ஒரு சாண் நகர்ந்து பின்னதைக் கேட்டேன்:
உமி புடைக்கிற சத்தம்.
திரும்புவதற்குள் அரிசி மறந்துவிட்டது.
திருகு கால் சுற்று. கேள். நகர். கேள்.
ஒன்பதாவது முறை, ஏறக்குறைய வந்துவிட்டது, வந்துவிட்டது,
பாங்கு சொன்னார்கள்.
பீர் என்ஜினை அணைத்துவிட்டுப் பள்ளிக்குப் போனார்.
தகரம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

தனியாக மறுபடி ஸ்டார்ட் செய்தேன்.
எத்தனை முறை என்று எண்ணவில்லை.
கடைசியில் கண்ணை மூடிக் குழாயை நகர்த்தினால்
எது எதிலிருந்து வருகிறது என்று
காதுக்குத் தெரியாமல் போனது.
அதுதான் அளவு. திருகைக் கைவிட்டேன்.

பீர் வந்தார். இரண்டு குழாயும் இரண்டு காதும்.
வெகுநேரம் நின்றார்.
"வலது ஒரு நூல் கூட."
குழாய்களை மாற்றிப் பிடிக்கச் சொன்னேன்.
"இப்பவும் வலதுதாம்மா கூடக் கேக்கு."
இன்னொரு முறை மாற்றினேன். வலது.
முப்பது வருடமாக இடது பக்கம் ஓடும் கிரைண்டரைப் பார்த்தேன்.
"அது கார்பரேட்டர் இல்லண்ணே.
செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க.
ஒம்பதாம் நம்பர் ரூம்."
அவர் குழாயைக் கழற்றி
சுருட்டி ஆணியில் மாட்டினார்.
கிரைண்டரைப் பார்க்கவில்லை.

கயத்தாறு வரை ஓட்டிப் பார்த்தோம்.
காற்றாடிகள் எங்களைவிட வேகமாகச் சுற்றின.
டீக்கடை ஓரம், சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றினார்.
ஒன்று, இரண்டு, மூன்று: சுட்ட செங்கல் நிறம்.
நான்காவது மை.
"ஊசியா, ஜெட்டா?"
"வால்வா இருந்தா தலையைக் கழட்டணும்" என்றார்,
இடது பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு.
வலது காது என் பக்கம் இருந்தது.